கித்தேரி மேல் விழுந்த பார்வை

வாடைக்காற்று ஓய்ந்து தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் இன்னும் எழும்பாமல், கடல் எண்ணெய் தடவிய சட்டிபோலப் பளபளத்துக் கிடந்த நாட்களில், பாஸ்கு என்னும் ஈஸ்டர் பண்டிகைக்கு வந்த சொந்தக்காரர்கள் எல்லாம் பலகாரப் பொட்டலத்தோடு ஊர் திரும்பிய பிறகு வந்த ஒரு சனிக்கிழமை மத்தியானத்தில், ஊசித்தீவைச் சுற்றியிருந்த பிராணிகள் அத்தனையும் சமையல்காரி கித்தேரியைப் பார்க்கத் தொடங்கின. அதற்கு முந்தின நாள்வரை அவை தம் பாட்டுக்கு இரை தேடுவதும் சண்டை போடுவதும் குளிப்பதுமாக இருந்தவைதாம்.

'சமுத்திர ராணி' என்ற அந்தப் படகு முன்னொரு காலத்தில் மீன்பிடிப் படகாக இருந்தது. அதன் சொந்தக்காரன் சந்தியாகு, கித்தேரியின் கொழுந்தன். அவனுடைய அண்ணன், அதாவது கித்தேரியின் புருஷன், ஒரு வைகாசி விசாகக் காற்றில் கடலுக்குப் போய்த் திரும்பாமற்போன பிறகு சந்தியாகு வலையைத் தொடவில்லை. மீனைப் பிடித்து விற்றது போதும், இனி மீனைக் காட்டிப் பிழைப்போம் என்று சொல்லிப் படகுக்கு நீலச்சாயம் அடித்தான், பிளாஸ்டிக் நாற்காலி போட்டான், மேலே தார்ப்பாய் கட்டினான். மதுரையிலிருந்தும் ஈரோட்டிலிருந்தும் வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு காலையில் தோப்புமுனைத் துறையிலிருந்து புறப்பட்டு, மணல்திட்டில் நிற்கும் கூழைக்கடாவையும் பூநாரையையும் காட்டி, ஓங்கில் என்னும் டால்பின் துள்ளும் இடத்தில் இயந்திரத்தை அணைத்து, அதிர்ஷ்டம் இருந்தால் பாசி மேயும் கடற்பசுவான ஆவுளியாவின் சாம்பல் நிற முதுகையும் காட்டி, மத்தியானம் ஊசித்தீவுக்கு எதிரே நங்கூரமிட்டு மீன்சோறு போட்டு, வெயில் தாழக் கரையில் கொண்டுவந்து விடுவான். மீன்சோறு ஆக்குவது கித்தேரியின் வேலை. இரவெல்லாம் ஐஸ் கம்பெனியில் பனிக்கட்டிப் பார் உடைத்துப் பெட்டியில் நிரப்பிவிட்டு, விறைத்த விரல்களோடு நேரே படகுக்கு வந்து அடுப்பு மூட்டுவாள். அவள் எப்போது தூங்குகிறாள் என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது, அவளுக்கே தெரியாது.

தோப்புமுனைக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கடலில் நங்கூரமிட்டால் படகின் அணியம், அதாவது முன்மூக்கு, ஆழக்கடலைப் பார்த்திருக்க வேண்டும், பின்பக்கம் ஊரைப் பார்த்திருக்க வேண்டும். வேலை முடியுமுன்னே அணியத்தை ஊர்ப்பக்கம் திருப்பினால், இவனுக்குப் போதும்போலிருக்கிறது என்று கடல் கையை மூடிக்கொள்ளும் என்பார்கள். காற்று திருப்பினால்கூட முன்னும் பின்னும் நங்கூரம் போட்டுப் பிடித்து நிறுத்துவார்கள். வலையை விட்டுவிட்ட சந்தியாகு இந்தப் பழக்கத்தை விடவில்லை. ஆகவே மத்தியானத்தில் சமுத்திர ராணியின் மூக்கு எப்போதும் தீவையும் தீவுக்கு அப்பால் வெளிக்கடலையும் பார்த்திருக்கும். பின்பக்கத்தில், அடுப்புக்கு முன்னால், ஊருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கித்தேரி உட்கார்ந்திருப்பாள்.

அந்தச் சனிக்கிழமை, நீண்ட குழல் வைத்த கேமராவோடு வந்திருந்த ஒரு மாமா, தான் எடுத்த படம் ஒன்றில்கூட எந்தப் பறவையும் தன் பக்கம் பார்க்கவில்லை என்று குறைப்பட்டுக்கொண்டார். கூழைக்கடாக்கள் திட்டில் வரிசைகட்டி நின்று, வாயைத் திறக்காமல், இறக்கையைக் கோதாமல், ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன. ஆமைகள் தண்ணீருக்கு மேல் தலையை நீட்டியபடி அமிழாமல் நின்றன. ஓங்கில்கள் நட்டக்குத்தாக, கும்பிடப் போகிறவர்கள்போல, பாதி உடம்பை வெளியே வைத்திருந்தன. மாமா அவற்றின் பார்வை போகும் வழியைத் தன் விரலால் பிடித்துக்கொண்டே வந்து, நாற்காலிகளையும் தார்ப்பாய்க் கம்பையும் தாண்டி, வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த கித்தேரியில் முட்டிக்கொண்டு நின்றார்.

"அக்கா, இதுகளெல்லாம் உங்களத்தான் பாக்குது," என்றார்.

படகு சிரித்தது. மீனுக்காகப் பார்க்கும் என்று சந்தியாகு சொன்னான். கித்தேரி மீன் சட்டியைத் தூக்கி இடப்பக்கம் வைத்துப் பார்த்தாள். ஒரு கண்ணும் சட்டியோடு போகவில்லை. அவளுக்கு அதில் ஒன்று மட்டும் புதிராக இருந்தது. அத்தனை கண்கள் தன்மேல் இருந்தும் உடம்பில் எதுவும் உறைக்கவில்லை. உச்சிவெயிலில் நின்றும் சுடாததுபோல இருந்தது. ஐஸ் உடைத்து மரத்த உடம்பு, அதனால்தான் என்று நினைத்துக்கொண்டு வெங்காயத்தை உரித்தாள். அன்றைக்குச் சோறு பரிமாறி, சட்டி கழுவி, நங்கூரம் தூக்கும்வரை அவை பார்த்துக்கொண்டேயிருந்தன. ஒன்றுகூடப் படகைத் தாண்டி ஊர்ப்பக்கம் வரவில்லை.

மறுநாளும் பார்த்தன. அதற்கடுத்த நாளும் பார்த்தன. இப்படியாக ஊர் அதற்குப் பழகிக்கொண்டது. முன்பெல்லாம் ஓங்கில் வருமா, ஆவுளியா வருமா என்று கெஞ்சிக் காத்திருக்க வேண்டும். இப்போது கித்தேரி பின்பக்கத்தில் உட்கார்ந்தால் போதும், கடலில் உள்ளதெல்லாம் எழும்பி வந்து ஆடாமல் அசையாமல் நின்றது. சவாரிக்கு இடம் கிடைக்காமல் ஆட்கள் லாட்ஜில் தங்கிக் காத்திருந்தார்கள். துறையில் பெட்டிக்கடை வைத்திருந்த மங்களமேரி, கித்தேரியின் தலைக்கு மல்லிகைப்பூ வாங்கிக் கொடுத்து, பிளாஸ்டிக் ஆமை தொங்கும் சாவிக்கொத்து விற்றாள். சந்தியாகு, மயினி என்று கூப்பிடுகிற தன் அண்ணிக்கு ஒரு சாய்வு நாற்காலி போட்டு, இனி நீங்க கரண்டி பிடிக்க வேண்டாம், சும்மா உக்காந்தா போதும் என்றான். பங்குச் சாமியார் ஞாயிறு பூசையில், பறவைகளுக்குப் பிரசங்கம் செய்த புனிதர்களான அர்ச்சியசிஷ்டவர்களைப் பற்றிப் பேசி, நடுவில் கித்தேரி இருந்த பக்கம் பார்த்துப் புன்னகைத்தார். கித்தேரியும் எல்லாரையும்போலச் சிரித்துவைத்தாள். நாற்காலியில் உட்கார்ந்தால் தூக்கம் வரும் என்று நினைத்தாள், அதுவும் வரவில்லை.

பேச்சு எப்போது புளித்தது என்று யாராலும் சொல்ல முடியாது. பால் முதலில் ஓரத்தில்தானே திரியும், அப்படித்தான் திரிந்தது. அந்தப் பிராணிகள் இமைப்பதில்லை என்று ஒரு சவாரிக்காரி தன் பிள்ளையிடம் சொன்னதை யாரோ கேட்டார்கள். பார்க்கிற நேரத்தில் அவை தின்பதில்லை என்று இன்னொருவர் கண்டுபிடித்தார். பறவை எங்கே பார்க்கிறதோ அங்கே மீன்பாடு இருக்கும் என்று அந்தக் கணக்கிலேயே வாழ்நாளெல்லாம் வலை போட்ட ஆண்கள், அப்படியானால் கித்தேரியிடம் என்னதான் இருக்கிறது என்று யோசிக்கத் தொடங்கினார்கள். அவள் புருஷன் போன கதையைத் தூசி தட்டி எடுத்தார்கள். மங்களமேரிதான் அதை வாயால் சொன்னவள், அதுவும் பீடிக்கட்டை எண்ணிக் கொடுத்துக்கொண்டே, மழை வருமா என்று கேட்கிற குரலில்:

"அவ எடுத்த உசுரப் பாக்குதா, எடுக்கப் போறதப் பாக்குதான்னுதான் தெரியல."

அதற்குப் பிறகு மல்லிகைப்பூ வரவில்லை. கோயிலில் கித்தேரி உட்காரும் வரிசை காலியாகக் கிடந்தது. அவள் தெருவில் வந்தால் தாய்மார்கள் பிள்ளைகளின் முகத்தைத் தங்கள் சேலையில் அமுக்கிக்கொண்டார்கள். அதட்டாமல், வெயில் படாமல் மறைப்பதுபோல, மரியாதையாகவே செய்தார்கள்.

ஆனாலும் தோப்புமுனைக்காரர்கள் நியாயம் பார்க்கிறவர்கள். சோதித்துப் பார்க்காமல் ஒருத்தி மேல் பழி போட மாட்டார்கள். ஆகவே இரண்டு சோதனை வைத்தார்கள். முதலாவது, கித்தேரியை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டுப் படகு போனது. அணியம் கடலைப் பார்க்க, பின்பக்கம் ஊரைப் பார்க்க, வழக்கம்போல நங்கூரமிட்டார்கள். பிராணிகள் வந்தன. ஆளில்லாத சாய்வு நாற்காலியின் பக்கம் திரும்பி, வழக்கம்போலப் பார்த்தன. போனவர்கள் முகம் வெளிறித் திரும்பி வந்து, அவ வீட்டுல இருந்தாலும் அதுகளுக்குத் தெரியுது, சரியா அவ வீட்டத்தான் பாக்குது என்று சொன்னார்கள். அவள் வீடு கோயிலுக்குப் பின்னால், ஊருக்கு நட்டநடுவில் இருந்தது.

இரண்டாவது, மங்களமேரி கைநிறைய மிளகாய் வற்றலும் கல்லுப்பும் எடுத்து, கித்தேரியைக் கிழக்கே பார்க்க நிறுத்தி, தலையைச் சுற்றி அடுப்பில் போட்டாள். கண்ணேறு இருந்தால் மிளகாய் கமறாது. எத்தனை வற்றல் எரிந்தாலும் சும்மா புகைந்துவிட்டுப் போகும். இல்லாவிட்டால் நெடி ஆளைத் தூக்கும். அன்றைக்கு நெடி தெருவையே தூக்கியது. பார்க்க வந்தவர்கள் எல்லாம் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள், சந்தியாகு இருமி இருமிச் சுவரைப் பிடித்துக்கொண்டான், கித்தேரிக்குக் கண்ணிலிருந்தும் மூக்கிலிருந்தும் தண்ணீர் கொட்டியது. கொட்டினாலும் அவளுக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. பிழைத்தோம் என்று நினைத்தாள். மங்களமேரி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இது புது வத்தல், காரம் சாஸ்தி, இதை வச்சி ஒண்ணும் சொல்ல முடியாது என்றாள். மற்றவர்களும் யோசித்துவிட்டு, ஆமாம், புது வற்றல்தான் என்றார்கள்.

இதற்கிடையில் கித்தேரியின் ஒரே மகள் ஜெசிந்தா, தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். கித்தேரி ஐஸ் கம்பெனியில் ஒரு மாதம் வரவில்லை என்று சொல்லிவிட்டாள். சுக்குத் தட்டினாள், பழைய சேலையைத் துவைத்துத் துவைத்து மெதுவாக்கித் துணி கிழித்தாள், மகளுக்கு வலி எடுக்கிற நேரத்தில் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும், பிள்ளையைத் தன் கையால் வாங்க வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு இந்த உலகத்தில் வேறொரு ஆசை இல்லை. தன் புருஷன் போன நாளில் தான் கரையில் இல்லாமல் ஐஸ் கம்பெனியில் இருந்தது அவளுக்குள் ஒரு முள்ளாகக் கிடந்தது. இந்தத் தடவை இருப்பேன் என்று தனக்குத்தானே சொல்லி வைத்திருந்தாள்.

ஊர்க் கமிட்டிக்காரர்கள் கோயில் முற்றத்தில் கூடிப் பேசிய தீர்மானத்தைக் கொண்டுவந்தவன் சந்தியாகுதான். அவன் வாசற்படியில் நின்று, உள்ளே வராமல், பிள்ளை பிறந்து ஞானஸ்நானம் முடிகிறவரைக்கும் மயினி ஊசித்தீவில் இருக்க வேண்டும், பாசி எடுக்கப் போகும் பெண்கள் போட்ட ஓலைக் கொட்டகை இருக்கிறது, அரிசி மிளகாய் விறகு தண்ணீர் எல்லாம் ஏற்றிவிடலாம், பார்க்கிறதெல்லாம் அங்கேயே வைத்துப் பார்த்து முடித்துக்கொள்ளட்டும் என்று சொன்னான். அதுவரை ஊரில் கடல்பக்கத்து ஜன்னல்களைச் சாத்தி வைப்பார்கள், யாரும் தீவுப்பக்கம் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், அந்தப் பார்வையில் மாட்டிக்கொள்ளாமல் இருக்க அதுதான் வழி. சொல்லி முடித்துவிட்டுத் தன் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

கித்தேரி போகமாட்டேன் என்றாள். என்னை இங்கிருந்து இழுத்துக்கொண்டு போக எவன் வருகிறான் பார்க்கிறேன் என்றாள். அப்போது உள்ளேயிருந்து ஜெசிந்தா, இரண்டு கையாலும் வயிற்றைத் தாங்கிக்கொண்டு வந்தாள்.

"யம்மா, நீ போயிரும்மா."

கித்தேரி திரும்பினாள்.

"பிள்ள கண்ணத் தெறந்தா மொதல்ல ஒன்னயத்தான பாக்கும். நீ பாக்குறத அதுகளும் பாக்குமே. எனக்குப் பயமா இருக்கும்மா."

"கை பிடிக்க ஆளு வேண்டாமாட்டி?"

"மங்களம் சித்தி இருக்காவ."

கித்தேரி, தட்டி வைத்த சுக்கு எந்த டப்பாவில் இருக்கிறது, துணி எந்த மூலையில் இருக்கிறது என்று சொல்லிவிட்டு, செருப்பைத் தேடினாள்.

அவளைக் கொண்டுபோன அன்று காலையில் கடல் வழக்கத்துக்கு அதிகமாக வற்றியிருந்தது. துறையில் படகுகள் ஒருக்களித்துக் கிடந்தன. எப்போதும் தண்ணீருக்கடியில் இருக்கும் பாறைகள் கறுத்த பல்போல வெளியே தெரிந்தன, கிளிஞ்சலும் பாசியும் வெயிலில் காய்ந்து நாறின. வெள்ளம் வத்தினா திரும்பப் பெருகும், அதுக்கென்ன என்று சந்தியாகு தனக்குள் சொல்லிக்கொண்டே தாங்குகோலால் படகைத் தள்ளினான். கித்தேரி தன் பழைய இடத்தில், பின்பக்கத்தில் உட்கார்ந்தாள். வழிநெடுக அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. தீவுக்குக் கொஞ்சம் முன்னாலேயே படகு தரைதட்டியது. இறங்கி, இடுப்பளவு தண்ணீரில் அரிசிப் பையைத் தலையில் வைத்துக்கொண்டு அவளே நடந்தாள். அவன் மற்றச் சாமான்களையும் கொண்டுவந்து மணலில் வைத்துவிட்டு, ஓடிப்போய்ப் படகில் ஏறினான். நங்கூரம் போடவில்லை. அவசரத்தில் அங்கேயே, எல்லாப் பிராணிகளின் கண்ணுக்கும் முன்னால், படகின் அணியத்தை ஊர்ப்பக்கம் திருப்பினான்.

கித்தேரி கொட்டகைக்கு முன்னால் மூன்று கல் கூட்டி அடுப்பு வைத்தாள். உலை வைத்துவிட்டு, இனிப் பார்க்கட்டும் என்று, கடனைக் கேட்க வந்தவர்களுக்கு முன்னால் உட்காருவதுபோலக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். உட்கார்ந்தாள், உட்கார்ந்துகொண்டேயிருந்தாள், உலை கொதித்து வழிந்து அடுப்பை அணைத்தது, ஒருவரும் வரவில்லை. காற்று ஓலையில் சரசரத்தது. எழுந்து தீவின் மறுபக்கத்தில், வெளிக்கடலைப் பார்த்த கரைக்குப் போய்ப் பார்த்தாள். அங்கே ஒரு நண்டுகூட இல்லை. திரும்பி, ஊர்ப்பக்கத்துக் கரைக்கு வந்தாள்.

எல்லாம் அங்கேதான் இருந்தன. கூழைக்கடாக்களும் பூநாரைகளும் மணல்மேட்டில் தோளோடு தோள் உரசி நின்றன. ஆமைகள் பட்டப்பகலில் கரையேறி வந்து வரிசையாகப் படுத்திருந்தன. ஆவுளியாக்கள் குட்டிகளை அணைத்துக்கொண்டு ஆழமில்லாத் தண்ணீரில் வயிறு தட்ட மிதந்தன. அவற்றுக்கப்பால் ஓங்கில்கள் நட்டக்குத்தாக நின்றன. அவள் கண்டதெல்லாம் முதுகு. இத்தனை நாளும் முகத்தை மட்டுமே பார்த்தவளுக்கு, அந்தப் பிராணிகளுக்கு இத்தனை முதுகு இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

அவள் சத்தம் காட்டினாள். ஒன்றும் திரும்பவில்லை. முதுகுகளுக்கு நடுவே புகுந்து, முன்னால் போய், ஒரு பெரிய கிழட்டுக் கூழைக்கடாவின் முகத்துக்கு நேரே நின்றாள். அது, படக் கொட்டகையில் முன்னால் எழுந்து நின்றவரைத் தாண்டி எட்டிப் பார்க்கிறவன்போல, கழுத்தை மெல்ல ஒருபக்கம் சாய்த்து அவளைத் தாண்டிப் பார்த்தது. அவள் அந்தப் பக்கம் நகர்ந்தாள். அது இந்தப் பக்கம் சாய்ந்தது. அப்போதுதான் கித்தேரி தன் தோளுக்கு மேலே திரும்பி, அவை பார்ப்பதைத் தானும் பார்த்தாள்.

வற்றிய கடலுக்கு அந்தப் பக்கம் தோப்புமுனை இருந்தது. கோயில் கோபுரமும், அதன் பின்னால் வீடுகளும், சாத்திய ஜன்னல்களும், கரையில் எறும்புபோல வலை உலர்த்துகிற ஆட்களும். ஆட்கள் எல்லாரும், கமிட்டி சொன்னபடியே, கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வேலை செய்தார்கள்.

வற்றிய வெள்ளம் திரும்பப் பெருகும்போது அந்த ஊர்மேல்தான் வரும் என்று புரிந்து அவள் கத்தினாள். ஊர் கண்ணுக்கு எட்டும், குரலுக்கு எட்டாது. சேலைத் தலைப்பை வீசினாள். பார்க்க யாரும் இல்லை. பிறகு ஒன்று தோன்றி ஓடிப்போய், கொட்டகையின் ஓலையைப் பிய்த்து அடுப்பில் போட்டு மறுபடி தீ மூட்டி வளர்த்து, ஒரு மாதத்துக்கென்று கொடுத்துவிட்டிருந்த மிளகாய் வற்றலை மூட்டையோடு அதில் கவிழ்த்தாள். நெடி குப்பென்று எழுந்து அவளைப் பின்னால் தள்ளியது. இருமினாள், தும்மினாள், கண் தெரியாமல் மணலில் முழங்காலிட்டாள், அந்த எரிச்சலிலும் சந்தோஷப்பட்டாள், ஏனென்றால் மத்தியானக் கடற்காற்று எழும்பிவிட்டது, காற்று ஊரைப் பார்த்துத்தான் அடித்தது. இந்த நெடி போய் மூக்கில் ஏறினால் எந்தக் கமிட்டியும் திரும்பாமல் இருக்க முடியாது, ஜன்னலைத் திறந்து என்னவென்று பார்த்தே ஆகவேண்டும், பார்த்தால் எதிரே இவை வரிசைகட்டி ஊரையே பார்த்து நிற்பது தெரிந்துவிடும், தெரிந்தால் ஜெசிந்தாவைக் கைத்தாங்கலாகத் தூக்கிக்கொண்டு மேட்டுப்பக்கம் ஓடிவிடுவார்கள்.

புகை சிவந்து, கட்டியாக, தண்ணீர்மேல் தவழ்ந்து போனது. பிராணிகளின் தலைக்கு மேலாகப் போனது, அவை இமைக்கவில்லை. கித்தேரி கண்ணைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். புகை கரையில் ஏறியது. வலை உலர்த்துகிறவர்கள்மேல் இறங்கி அவர்களை மூடியது. அவர்களைத் தாண்டி, பெட்டிக்கடையைத் தாண்டி, கோயிலைச் சுற்றிக்கொண்டு, தெருத்தெருவாகப் புகுந்து, ஜன்னல் இடுக்கிலெல்லாம் நுழைந்து ஊர் முழுக்க நிறைந்தது.

ஒருவரும் இருமவில்லை. மூக்குக்குக் கை கொண்டுபோனவர் ஒருவர் இல்லை. புகைக்கு நடுவே அவர்கள் வலையை உதறி உதறிக் காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள்.

கித்தேரிக்குப் பின்னால் மேடான மணலும், அரிசியும், குடிதண்ணீரும், யாருடைய பார்வையும் படாத ஒரு தீவும் இருந்தன. அவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். ஆமைகள் கழுத்தை ஒதுக்கி வழிவிட்டன. ஆவுளியாக்கள் குட்டிகளோடு நகர்ந்துகொண்டன. இடுப்பளவு வந்தது, மார்பளவு வந்தது, நீந்த வேண்டிய இடத்தில் நீந்தினாள், நடக்க முடிந்த திட்டில் நடந்தாள், கடைசி ஓங்கிலையும் தாண்டி, எந்தப் பிராணியும் இதுவரை தாண்டாத அந்த இடத்தைத் தாண்டினாள். ஊர் பெரிதாகிக்கொண்டே வந்தது. கோயிலுக்குப் பின்னால் தன் வீட்டு ஓடு தெரிந்தது. இந்தா வந்துட்டேன் மக்கா, கையப் பிடிச்சிக்கிட என்று மூச்சிரைக்கச் சொல்லிக்கொண்டே அவள் நடந்தபோது, இத்தனை நாளும் ஒருமுறைகூட உடம்பில் உறைக்காத அந்தப் பார்வை, முதன்முதலாக அவள் முதுகில் பட்டு, சுட்டது.